இரண்டு வரிப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் என் பெயரில் ஒரு மாற்றமாவது சேர வேண்டும் என்பது கல்லூரிக் கால ஆசை. சாதனத்தை இயக்கும் ஒரு டிரைவரில் மெமரி லீக் (எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத பிழை) இருப்பதைப் பார்த்தேன். அதைச் சரிசெய்து, அதே கோப்பில் கண்ணில் பட்ட இடைவெளிப் பிழைகளையும் திருத்தி, எல்லாவற்றையும் ஒரே பேட்சாக (நிரல் மாற்றத் தொகுப்பாக) அனுப்பினேன். முதல் மின்னஞ்சலைக் கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஏற்கவே இல்லை. இரண்டாவதற்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “இது இரண்டு பேட்ச். சைன்ட்-ஆஃப்-பை எங்கே?” வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. சம்பளம் வாங்காமல் வேலை செய்து கொடுப்பவனை இப்படியா நடத்துவது? விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது நல்ல பதில். பேட்சைப் படித்துப் பார்க்காதவருக்கு அது இரண்டு என்று எப்படித் தெரியும்?

முதல் மின்னஞ்சல் திரும்பியதற்குப் பெரும்பாலும் எழுத்தலங்காரம் சேர்க்கும் எச்டிஎம்எல் வடிவம்தான் காரணமாக இருக்கும். கெர்னல் பட்டியல்களுக்கு வெறும் எழுத்தாக மட்டுமே அனுப்ப வேண்டும். பேட்சை வெறும் எழுத்தாகவே அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் கட்டளையைப் பழகிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பன்னிரண்டு நாள் மௌனத்துக்கும் காரணம் இருக்கலாம். புதிய கெர்னல் 9, 10 வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. அதில் முதல் 2 வாரம் மெர்ஜ் விண்டோ. கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான பராமரிப்பாளர்கள் அதுவரை சேர்த்துவைத்ததை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் ஒப்படைக்கும் நேரம் அது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது சமையல்காரரைப் பிடித்து அடுத்த முகூர்த்தத்துக்குத் தேதி கேட்டால் என்ன பதில் வரும்? அது முடிந்து ஆர்சி1 என்ற முதல் சோதனைப் பதிப்பு வெளிவந்த பிறகு அனுப்பினால் கவனிப்பார்கள். நீங்கள் எப்போது அனுப்பினீர்கள் என்று கடிதத்தில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேட்ச் விஷயத்தில் நானும் அடி வாங்கியவன். பல வருடம் முன்பு ஒரு சிறிய திட்டத்துக்கு என் முதல் பேட்சை அனுப்பினேன். நான் மாற்றியது ஆறு வரி. ஆனால் என் எடிட்டர் கோப்பு முழுவதையும் தானாக அழகுபடுத்தி வைத்திருந்ததால் எழுநூறு வரி போய்ச் சேர்ந்தது. “இதில் நீங்கள் செய்தது எது?” என்று கேட்டார் பராமரிப்பாளர். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள் திறந்து பார்த்தால், அந்த ஆறு வரியை என்னாலேயே உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.

கெர்னலில் இதற்கு இன்னும் உறுதியான காரணம் உண்டு. ஏதாவது உடைந்தால் கிட் பைசெக்ட் வைத்துப் பாதிப் பாதியாகக் கழித்துத் தேடுவார்கள். 1000 மாற்றங்களுக்குள் குற்றவாளியைப் பிடிக்க 10 சோதனை போதும். அப்படிப் பிடிபடும் மாற்றம் ஒரே ஒரு காரியத்தைச் செய்திருந்தால்தான் அதை நிம்மதியாகத் திரும்பப் பெற முடியும். அப்புறம், உங்கள் லீக் திருத்தம், பிழைத்திருத்தங்களுக்காகப் பராமரிக்கப்படும் பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் போகக்கூடியது. இடைவெளித் திருத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அனுப்புகிறவர் தன் பெயரோடு பேட்சில் போடும் சைன்ட்-ஆஃப்-பை வரி வெறும் சடங்கில்லை. 2003-இல் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று சொல்லி ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நிலை வந்ததால் 2004-இல் இந்த வழக்கம் கொண்டுவரப்பட்டது. “இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது” என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். போடும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஊழியர் எழுதும் நிரல் எல்லாம் கம்பெனிக்கே என்று அதில் இருந்தால், மேலாளரிடம் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

இனி உங்கள் மனக்குறை. கோயிலுக்குக் கன்று நேர்ந்துவிடுகிறவர் கயிற்றைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நாளையிலிருந்து தீவனம், தண்ணீர், வைத்தியம் எல்லாம் கோயில்காரர் பாடு. பேட்சும் அப்படித்தான். நீங்கள் ஒரு மாலையில் எழுதியதை அவர் வருடக்கணக்கில் சுமக்க வேண்டும். கயிற்றை வாங்கும் முன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தப்பில்லையே?

பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை இருக்கிறது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி, களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பிலும் பங்கு பெற்று, கடைசியில் பின்கதவு வைத்துவிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால்தான் 2024 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது. அதற்காக எரிந்து விழும் பராமரிப்பாளர்களை நான் நியாயப்படுத்தவில்லை, அப்படியும் சிலர் உண்டு. உங்களுக்கு எழுதியவர் அந்த ரகமில்லை. வணக்கம் போட நேரமில்லாதவர், அவ்வளவுதான்.

சரி, லீக் திருத்தத்தை மட்டும் தனியாக வி2 (இரண்டாம் பதிப்பு) என்று குறித்து அனுப்புங்கள். முதலில் அனுப்பியதிலிருந்து என்ன மாற்றினீர்கள் என்பதை, கமிட் செய்திக்கு (மாற்றத்தை விளக்கும் குறிப்புக்கு) அடுத்து வரும் மூன்று கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். ஒரு வாரமாவது பொறுத்துவிட்டு நினைவூட்டலாம்.

ஆமாம், அந்த லீக்கை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதவே இல்லையே? கமிட் செய்தியில் அதைச் சேர்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி போடுங்கள்.