டெக்சாஸில் வரி இல்லை என்று நம்பி வருகிறவருக்கு

தம்பி, ஹூஸ்டனுக்கு மாற்றல், மாநில வருமான வரி இல்லாததால் கையில் நிறைய மிஞ்சுமா, கோயில், மளிகைக் கடையெல்லாம் பக்கத்தில் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயிலும் கடையும் தாராளமாக இருக்கின்றன, அதை விடுங்கள். வரிக் கணக்கைப் பேசுவோம். 2009-இல் மினியாபோலிஸிலிருந்து நானும் இதே கணக்கோடுதான் வந்தேன்.

வருமான வரி இல்லை என்பது உண்மை. 2019-இல் மாநில அரசியல் சட்டத்திலேயே தடை எழுதிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் நடத்தப் பணம் வேண்டுமே? அது வீட்டின் தலையில் விழுகிறது. புறநகரில் புது வீடு வாங்கினால் தண்ணீர், சாக்கடை வசதிகளைப் பார்த்துக்கொள்ளும் 'மட்' (MUD) என்ற உள்ளூர் அமைப்பின் வரியும் சேர்ந்து வீட்டு மதிப்பில் இரண்டரை சதவீதம்கூட வரும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 10,000 டாலர். வேலை போனாலும் கட்டியாக வேண்டும். மதிப்பீட்டு நோட்டீஸ் வந்ததும் மே 15-க்குள் ஆட்சேபியுங்கள். பக்கத்து வீடுகளின் மதிப்பீட்டுத் தாள்கள், விரிசல் விட்ட அஸ்திவாரத்தின் படங்கள் எல்லாவற்றோடும் வருடாவருடம் நானே நேரில் போய் வாதாடுகிறேன்.

எதையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், இந்த மாநிலத்தின் குணமே அது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஆளுநர் எட்மண்ட் டேவிஸ் கையில் அதிகாரம் குவிந்த கோபத்தில் 1876-இல் எழுதிய அரசியல் சட்டம்தான் இன்றும் நடக்கிறது. சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 140 நாள்தான் வழக்கமாகக் கூடும். உறுப்பினர் சம்பளம் மாதம் 600 டாலர். அட்டர்னி ஜெனரலுக்கும் நீதிபதிகளுக்கும்கூடத் தேர்தல். அரசாங்கம் சின்னதாக இருக்கட்டும், அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இவர்கள் எண்ணம். நான் முன்பு இருந்த மினசோட்டாவில் சம்பளத்தில் வரிப் பிடித்தம் அதிகம். ஆனால் நான் எழுவதற்குள் தெருப் பனியைத் தள்ளியிருப்பார்கள்.

பத்து வருடம் இங்கே இருந்தும் 'வரியே இல்லை' என்று ஊருக்குப் போனில் பெருமை பேசும் நம் ஆட்கள், குடியுரிமை வாங்கியும் அந்த மட் வரியை முடிவு செய்யும் போர்டுக்குத் தேர்தல் எப்போது என்று கேட்பதில்லை. விரல்விட்டு எண்ணும் அளவு ஓட்டில் நம் வரி விகிதம் முடிவாகிறதே என்று எனக்கு ஆறவே இல்லை.

மின்சாரக் கம்பெனியையும் நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் 1,000 யூனிட் தாண்டினால் பில்லில் தள்ளுபடி என்ற திட்டத்தில் சேர்ந்து, முதல் மாதமே சில யூனிட் குறைந்ததால் தள்ளுபடி முழுவதையும் இழந்தேன். நிலையான விலைத் திட்டமாகப் பாருங்கள்.

வாஷிங்டனின் கட்டுப்பாடு வேண்டாமென்று மின்கட்டமைப்பையே தனியாக வைத்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரிக் குளிரில் அதுவும் படுத்துவிட்டது. மாநிலக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் பரணில் குழாய் வெடித்துச் சமையலறைக் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது. எங்கே அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் நீளமான இரும்புச் சாவியோடு ஓடிவந்து, தெருவோர மீட்டர் மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை சேற்றுத் தண்ணீரில் விட்டு அடைத்தார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை. சாவியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இன்றும் கேரேஜ் சுவரில் தொங்குகிறது. நீங்கள் வந்த முதல் வாரமே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.