விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறார்

கேள்வி: “நிரூபிக்க முடியாத கடவுளை எப்படிம்மா நம்புறது?” என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் மகன். விசுவாசத்தில் இப்படிக் கேட்கலாமா?
– ஒரு தாய், தாராவி, மும்பை

பதில்: தாராளமாகக் கேட்கட்டும், அதட்டாதீர்கள். படைப்பைப் பார்த்தே கடவுளை அறியலாம் என்று பைபிளில் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (1:20) திருத்தூதர் பவுலே சொல்கிறார், அறிவால் அவரை உறுதியாக அறிய முடியும் என்று 1870-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய முதல் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது. ஆனால் அறிவு அதுவரைதான் கூட்டிப்போகும். கடவுள் இருப்பதற்கு ஐந்து வழிகளில் வாதம் வைத்த இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸே, தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுள் (மூவொரு கடவுள்) என்பதை வெறும் அறிவால் எட்ட முடியாது என்றுதான் எழுதினார். சால் எனும் நம்ம வரிசை அறைக் குடியிருப்பில் பக்கத்து அறையில் விளக்கு எரிந்தால் ஆள் இருப்பது தெரியும், அவர் மனசு அவரே பேசினால்தானே தெரியும்? அப்புறம், நிரூபணம் என்றால் லேப் மட்டும்தானா என்று பையனிடமும் கேளுங்கள்.