இணையத்தில் உலவும் மர்ம வீடியோக்களில் உங்களை உண்மையிலேயே கலங்கடித்தது எது?

சேலத்துக்காரன் என்பதால் உள்ளூர்ச் சரக்கையே முதலில் சொல்கிறேன். பனிக்காலம் வந்தால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் 'ஏற்காட்டு மலைப்பாதையில் பேய்' என்று ஒரு வீடியோ கிளம்பிவிடும். கொண்டை ஊசி வளைவு, அடர்ந்த மூடுபனி. வண்டி வெளிச்சத்தில் முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை வெளேரென்று கால்கள் சாலையைக் கடக்கும். மேலே உடம்பு கிடையாது. கூடவே ஒரு பெண்ணின் அழுகுரல். வயிற்றைக் கலக்கத்தான் செய்தது.

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமாவிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார். "காட்டெருமை மாப்பிள்ளை! உடம்பெல்லாம் கறுப்பு, கால் மட்டும் வெள்ளை. இருட்டில் வேறெது தெரியும்?" வெட்டப்படாத வீடியோவையும் அவரே யாரிடமோ வாங்கி அனுப்பினார். அதில் கொம்போடு தலை திரும்புகிறது. "ஹாரன் அடிக்காதே, அதுவாகப் போகட்டும்" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தப் பகுதியை நறுக்கிவிட்டு அழுகையை ஒட்டியவர் எந்தப் புண்ணியவானோ! இப்போது அதே வீடியோ கொல்லிமலையின் பெயரில் சுற்றுகிறது.

உலகப் புகழ்பெற்ற மர்மங்களிலும் பாதி இந்த வகைதான். எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்பது தெரியாத வரைதான் திகில். சிவப்பு, நீலச் செவ்வகங்களும் 'பீப்' ஒலியும் மட்டுமே கொண்ட பல்லாயிரம் வீடியோக்களை யூடியூபில் ஏற்றிய 'வெப்டிரைவர் டார்சோ'வை உளவாளிகளின் சங்கேதம் என்றே பலர் நம்பினார்கள். அது தன்னுடைய சோதனைச் சேனல்தான் என்று 2014இல் கூகுள் ஒப்புக்கொண்டது. 1980களில் ஜெர்மன் வானொலியிலிருந்து கேசட்டில் பதிவான பெயர் தெரியாத பாடலை இணையமே சல்லடை போட்டுத் தேடியது. கீல் நகரத்து இசைக்குழு ஒன்று பாடியது என்று 2024இல் தெரிந்தது. அதைத் தேடியவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

என்னை இன்னமும் உறுத்துவது 1987 நவம்பர் 22ஆம் தேதி சிகாகோவில் நடந்ததுதான். ஒரே இரவில் இரண்டு தொலைக்காட்சி நிலையங்களின் ஒளிபரப்புக்குள், மேக்ஸ் ஹெட்ரூம் என்ற தொலைக்காட்சிப் பாத்திரத்தின் முகமூடியை மாட்டிய ஒருவன் புகுந்தான். இரண்டாம் முறை சுமார் ஒன்றரை நிமிடம் உளறிவிட்டுப் போனான். வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்த நேயர்களின் டேப்பில் அவன் அப்படியே இருக்கிறான். வெட்டும் ஒட்டும் இல்லாத முழு வீடியோ, தேதி தெரியும், இடம் தெரியும், விசாரணையும் நடந்தது. ஆள் மட்டும் இன்றுவரை சிக்கவில்லை.