எதிரொலி உங்கள் போனிலிருந்து வருவதில்லை: செல்போன் பேச்சு பற்றிய கேள்வி-பதில்

பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றதும் பலர் முதலில் போனை மாற்றிப் பார்க்கிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. குரல் உங்கள் வாயிலிருந்து எதிர்முனைக் காதுக்குப் போவதற்குள் மைக், போனுக்குள் நடக்கும் சுருக்கல், டவர், நெட்வொர்க், எதிராளியின் போன் என்று பல கை மாறுகிறது. எந்தக் கையில் கெட்டது என்று பிடித்துவிட்டால் பாதிக் கோளாறுகளுக்குச் செலவே இல்லை.

நான் பேசுவது கொஞ்சம் தாமதித்து எனக்கே திரும்பக் கேட்கிறது. போனை மாற்றியும் போகவில்லையே?

போகாது. உங்கள் குரல் உங்களுக்கே கேட்டால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில்தான். நீங்கள் பேசியது அவர் போனின் ஸ்பீக்கரில் ஒலித்து, அதே போனின் மைக்கில் நுழைந்து, உங்களிடம் திரும்பி வருகிறது.

இதைத் தடுக்கவே ஒவ்வொரு போனிலும் எதிரொலி நீக்கி உண்டு. ஸ்பீக்கருக்கு என்ன ஒலி போனது என்பது போனுக்குத் தெரியும். அது எவ்வளவு தாமதித்து, எவ்வளவு மங்கி மைக்குக்கு வரும் என்று கணித்து, மைக் பிடித்ததிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. ஒலியளவை உச்சத்தில் வைத்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். சின்ன ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும். கரகரப்பு மூல ஒலியில் இல்லாதது, அதை எதை வைத்துக் கழிப்பது? தளர்ந்த உறையும் அப்படித்தான். காதுப்பக்க ஒலி உறைக்கும் போனுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஓடி நேராக மைக்குக்கு வந்துவிடும். ஒரே அறையில் இரண்டு போன்கள் ஒரே கூட்டு அழைப்பில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேறு வேறு மூன்று பேருடன் பேசிப் பாருங்கள். ஒருவரிடம் மட்டும் எதிரொலித்தால், அவரை ஸ்பீக்கரை அணைத்து, ஒலியளவை இரண்டு படி குறைத்து, உறையைக் கழற்றிப் பேசச் சொல்லுங்கள். எல்லோரிடமும் எதிரொலித்தால் மட்டும் சேவை நிறுவனத்திடம் போங்கள். அழைத்த எண், நேரம் இரண்டையும் குறித்துக் கொடுத்தால்தான் அவர்களால் தேட முடியும்.

எதிரொலி எப்போதுமே ஓரளவு இருக்கிறது. சில மில்லிநொடிக்குள் வந்தால் காது அதைத் தனியாகப் பிரித்தறியாது, தாமதம் கூடும்போதுதான் தொல்லை. பேச்சு இயல்பாக ஓட ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

ரெக்கார்டரில் என் குரல் நன்றாகப் பதிகிறது. அழைப்பில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதாம். மைக் போய்விட்டதா?

எந்த மைக் என்று கேளுங்கள். பெரும்பாலான போன்களில் இரண்டு, மூன்று மைக் உண்டு. கீழ்விளிம்பில் இருப்பது உங்கள் வாய்க்கு. மேல்விளிம்பிலோ கேமரா அருகிலோ இருப்பது சுற்றுப்புற இரைச்சலைக் கேட்பதற்கு. கீழ் மைக்கில் குரல் உரக்கவும் மேல் மைக்கில் மெல்லவும் விழும்; தெருச் சத்தமோ இரண்டிலும் ஏறக்குறைய சமமாக விழும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் போன் இரைச்சலைப் பிரிக்கிறது. மேல் மைக்கை உறையோ விரலோ மூடினால் கணிப்பு தவறி, உங்கள் குரலையே இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

சோதனை எளிது. உறையைக் கழற்றுங்கள். ரெக்கார்டரில் பத்து நொடி பேசுங்கள். பல போன்களில் அது கீழ் மைக். பிறகு பின்கேமராவில் வீடியோ எடுத்தபடி பத்து நொடி, முன்கேமராவில் பத்து நொடி. மூன்றையும் போட்டுக் கேட்டால் எது மங்கல் என்று புரிந்துவிடும். துளையில் அழுக்கு இருந்தால் உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். ஊசி வேண்டாம், சிம் ஊசியும் வேண்டாம். உள்ளே மைக்கின் மெல்லிய சவ்வும், நீர் புகாமல் காக்கும் வலையும் இருக்கின்றன. அழுத்தக் காற்றும் அதே சேதத்தைச் செய்யும்.

பேச்சு தெளிவாக வருகிறது, காத்திருக்கும்போது ஒலிக்கும் இசை மட்டும் நீருக்குள் வாசித்ததுபோல் ஏன்?

போன் உங்கள் குரலை அப்படியே அனுப்புவதில்லை; குரல் எப்படி உண்டானது என்ற குறிப்பைத்தான் அனுப்புகிறது. சாதாரண டிஜிட்டல் தொலைபேசிக்கு நொடிக்கு 8,000 மாதிரிகள் (அதாவது ஒலியை நொடிக்கு அத்தனை முறை அளப்பது), ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக 64,000 பிட் தேவை. 2ஜி செல்போன் முறையான ஜிஎஸ்எம் அதை 13,000 ஆக்கியது. பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 260 பிட்டில் விவரித்தது: தொண்டையும் வாயும் அந்தக் கணத்தில் எந்த வடிவில் இருந்தன, குரல்நாண் எந்த வேகத்தில் அதிர்ந்தது, இவற்றில் அடங்காத மிச்சம் என்ன. மறுமுனைப் போன் இதை வைத்துக் குரலை மீண்டும் கட்டுகிறது.

1985-இல் பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும் இன்னொரு படி போனார்கள். அந்த மிச்சத்தை அனுப்பாமல், இரு முனையிலும் இருக்கும் ஒரே மாதிரியான குறிப்பேட்டிலிருந்து மிகப் பொருத்தமான வரிசையின் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்றார்கள். செல்ப் எனப்படும் இந்த முறையின் வாரிசுகள்தான் இன்றைய செல்போன் குரல் கோடெக்குகள், அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் முறைகள், பலவும்.

வீணைக்கும் மத்தளத்துக்கும் தொண்டை கிடையாது. ஒரே நேரத்தில் பல சுருதிகள் ஒலிக்கும்போது ஒற்றைக் குரல்நாண் என்ற மாதிரி திணறுகிறது. போதாக்குறைக்கு இரைச்சல் நீக்கியும் இசையைச் சத்தம் என்று நறுக்கிவிடும். உங்கள் போனில் திருத்த எதுவும் இல்லை.

சிலருடன் பேசினால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறதே?

அது எச்டி குரல். பழைய அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால்தான் போனில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்டி குரலுக்கான ஏஎம்ஆர் அகலப்பட்டை கோடெக் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகிறது. வேடிக்கை என்னவென்றால் அதன் 12.65 கிலோபிட் நிலை, பழைய ஜிஎஸ்எம்மின் 13 கிலோபிட்டைவிடக் குறைவு. 2014-இல் தரப்படுத்தப்பட்ட ஈவிஎஸ் கோடெக் இன்னும் மேலே, 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும்.

இரண்டு போன்களும், இரண்டு நெட்வொர்க்குகளும், இடையிலுள்ள இணைப்பும் ஆதரித்தால்தான் இது கிடைக்கும். ஒன்று தவறினாலும் மொத்த அழைப்பும் பழைய தரத்துக்கு இறங்கிவிடும். உங்கள் பக்கம் சரியா என்று பார்க்க: செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் வோல்ட்டி அல்லது 4ஜி காலிங்கை இயக்குங்கள். எண்ணை அழைத்து, மணி அடிக்கும்போது மேலே உள்ள சிக்னல் குறியைப் பாருங்கள். 4ஜி அல்லது 5ஜி என்றே இருந்தால் நல்லது. 3ஜி, 2ஜி என்று மாறினால் அழைப்புக்காகப் போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்குகிறது. மணி அடிக்கவே சில நொடி கூடுதலாக ஆவதும், பேசும்போது இணையம் தவழ்வதும் நிற்பதும் அதனால்தான். வோல்ட்டி பொத்தானே காணோம் என்றால் உங்கள் சேவை நிறுவனத்துக்கான அமைப்பு அந்தப் போனில் இல்லாமல் இருக்கலாம். வெளிநாட்டில் வாங்கிய போன்களில் இது சகஜம்.

வீட்டு வைஃபையில் வைஃபை காலிங் வேலை செய்கிறது, அலுவலகத்தில் இல்லை.

போன் தன் நெட்வொர்க்குக்கு மறையாக்கிய சுரங்கம் ஒன்றைத் தோண்டுகிறது. அதற்கு யுடிபி போர்ட் எனப்படும் இணைய வாசல்களில் 500, 4500 இரண்டும் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும். அலுவலக ஃபயர்வால் அவற்றை அடைத்திருக்கும். நிர்வாகியிடம் இந்த இரண்டு எண்களைச் சொன்னால் போதும்.

போன் மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்பே பக்கத்து ஸ்பீக்கரில் 'டிட்டிட் டிட்டிட்' என்று ஏன்?

2ஜி ஜிஎஸ்எம் போன் தொடர்ந்து அலை வீசுவதில்லை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்கிறார்கள். ஒரு சுற்று 4.615 மில்லிநொடி, அதில் உங்கள் பங்கு சுமார் 0.577. அதாவது நொடிக்கு 217 முறை மின்னி அணைகிறது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுப் பாகம் ரேடியோ அலையை ஒதுக்கிவிட்டு இந்தத் துடிப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறது. 217 ஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகவே கேட்கும். போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும். வயர்தான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்பதால் குட்டையான, கவசமிட்ட வயரும் உதவும். 3ஜி தொடர்ச்சியாக அலை வீசுவதால் அதில் இந்தச் சத்தம் இல்லை.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை, அழைப்பு வந்தால் பழைய ரேடியோ. விலை உயர்ந்ததை வாங்கினால் தீருமா?

விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டுக்கு ஏ2டிபி என்ற தடம், அது ஒருவழி. மைக் தேவைப்பட்டதும் ஹெட்செட் இருவழித் தடமான எச்எஃப்பி-க்கு மாறுகிறது. பழைய கருவிகளில் அதற்கு நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். எம்எஸ்பிசி கோடெக் இருந்தால் 16,000, எல்சி3 இருந்தால் 32,000. இவற்றைப் போனும் ஹெட்செட்டும் இரண்டுமே ஆதரிக்க வேண்டும். பெட்டியில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். கணினியில் கூட்டம் என்றால் இலவச வழி ஒன்று உண்டு: மைக்காகக் கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்செட்டைக் கேட்க மட்டும் வையுங்கள். அது ஏ2டிபி-யிலேயே நிற்கும்.

செல்போனைக் கண்டுபிடித்தவர் மார்ட்டின் கூப்பர்தானே?

கையில் ஏந்தும் போனை என்று சொன்னால் சரி. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவிலிருந்து மோட்டோரோலாவின் கூப்பர், போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலை அழைத்தார். ஆனால் 'செல்' என்ற கருத்து, பரப்பை அறுகோணங்களாகப் பிரிக்கும் யோசனை, 1947-இல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பில் இருக்கிறது. ஓடும் வண்டியில் பேச்சு அறுபடாமல் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும் முறைக்கு ஏமோஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். இந்தக் கைமாற்றம் இல்லையென்றால் கூப்பரின் கருவி வெறும் வாக்கிடாக்கி.

ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் குறுஞ்செய்தி தமிழில் 70-லேயே இரண்டாகிவிடுகிறதே?

ஒரு செய்திக்கு இடம் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட், எனவே 160. தமிழ்க் குறிக்கு 16 பிட், எனவே 70. இதிலும் எண்ணப்படுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்தல்ல, குறியீடு. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. புள்ளி ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. 'ஸ்ரீ' நான்கு. செய்தி நீண்டால் துண்டுகளை ஒட்டவைக்கும் தலைப்புக்கு 6 பைட் போய்விடுவதால் ஒரு துண்டுக்கு 67-தான் மிஞ்சும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ, இமோஜியோ, வளைந்த மேற்கோள் குறியோ நுழைந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். வேறொரு செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள்தான் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். அதை அழித்து நேர்க்குறி இட்டுப் பாருங்கள்.