கீரிக்கு வேலி போட்டால் போதுமா?

கேள்வி: ஐயா, வெளிநாட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். உச்சிப்புளிப் பக்கம், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் எங்களுக்கு முப்பது சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. முதல்முறையாக ஐம்பது சிறுவிடைக் கோழி (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) வளர்க்க நினைக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தோப்பில் ஒரே ராத்திரியில் ஒன்பது கோழியைக் கீரி அடித்துப் போட்டுவிட்டது. அதிலிருந்து பயமாக இருக்கிறது. சுற்றிலும் ஐந்தடிக்குச் செயின்லிங்க் கம்பிவலை போடு என்கிறார் ஒருவர், நைலான் வலையே போதும் என்கிறார் இன்னொருவர். எது நல்லது? மிச்சப் பணத்தில் கொட்டகைக்குத் தகரம் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, ராத்திரி என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கீரி பகலில் இரை தேடும் பிராணி. பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்விடும். தென்னையும் பனையும் நிற்கிற இடத்தில் ராத்திரி கோழி போனால் நான் முதலில் மரநாயைத்தான் சந்தேகப்படுவேன், அடுத்தது காட்டுப்பூனை. மரநாய் பகலெல்லாம் மரத்து உச்சியில் படுத்துக் கிடக்கும். இருட்டியதும் மட்டை வழியாகவே கொட்டகைக் கூரையில் இறங்கிவிடும். ஐந்தடி வேலி அதற்குக் குறுக்கே வரவே வராது.

ஆகவே கணக்கை மாற்றிப் போடுங்கள். முதல் பணம் கோழி அடையும் இடத்துக்கு, மிச்சம்தான் வேலிக்கு.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நாலு பக்கமும் வலை அடித்து, கதவுக்கு இரட்டைத் தாழ் போட்டு, மேலே தென்னங்கிடுகை மட்டும் நம்பியிருந்தேன். ஒரு நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் ஏழு பெட்டைக் கோழி செத்துக் கிடந்தன. தாழ் போட்டது போட்டபடி இருந்தது. முகட்டில் கிடுகு ஒரு சாண் விலகி, ஈர்க்கில் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. கூரைக்கு அடியிலும் வலை அடிக்காத கொட்டகையை அதற்கப்புறம் நான் கொட்டகை என்றே சொல்வதில்லை.

அந்த வலை அரை அங்குலக் கண் உள்ள வெல்ட்மெஷ்ஷாக, அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலையாக இருக்கட்டும். செயின்லிங்க்கின் கண் இரண்டு அங்குலம். கோழி வெளியே போகாது, ஆனால் எலியும் பாம்பும் தாராளமாக உள்ளே வரும். 'ஜிஐ கம்பி, துத்தநாகம் பூசியது சார், துருவே பிடிக்காது' என்று கடைக்காரர் சொல்வார். நம் கடற்கரையில் அந்தப் பேச்சை நம்பாதீர்கள். உப்புக் காற்றில் வெட்டிய முனையிலும் மண்ணைத் தொடும் வரிசையிலும் முதலில் அரிக்கும். பிளாஸ்டிக் பூச்சு உள்ளதை வாங்குங்கள், கூடுதல் விலை வீண்போகாது.

தகரம் வேண்டாம். சித்திரை வெயிலில் மதியம் கோழி வாயைப் பிளந்துகொண்டு இளைக்கும். ஆணி அடித்த இடத்திலிருந்து துருவும் தொடங்கிவிடும். கிடுகோ பனையோலையோ போடுங்கள். சட்டத்துக்கு இரும்புக் குழாய் எதற்கு? பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் பனங்கை, அதாவது பனையில் அறுத்த கூரைச் சட்டம் கிடைக்கும். வைரம் பாய்ந்த பனையை உப்புக் காற்று ஒன்றும் செய்யாது, கரையானும் சுலபத்தில் தொடாது. இருக்கிற பனையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அனுமதி கிடைத்தாலும் வெட்ட மனசு வரக் கூடாது என்பேன்.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். பதினாலுக்கு எட்டடி போட்டால் ஐம்பது கோழிக்குப் போதும். தரையை ஓரடி உயர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை சாய்ந்தடிக்கும். வடக்குப் பக்கம் சுருட்டி விடுகிற மாதிரி ஓலைத்தட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

வேலி பகலுக்குத்தான். நாய், கீரி, பருந்து இந்த மூன்றையும் சமாளித்தால் சரி. பனைமட்டையை நெருக்கி நட்டு, அடியில் சீமைக்கருவேல முள்ளை அடையுங்கள். முப்பது சென்ட்டையும் சுற்ற வேண்டாம், ஐந்தாறு சென்ட்டை மட்டும் அடைத்தால் போதும். குஞ்சு மேயும் மூலைக்கு மேலே கரையில் கழித்துப்போடும் பழைய வலையைக் கட்டினால் பருந்து இறங்காது. தடித்த நூல் வலையாகப் பாருங்கள். தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலை வேண்டாம், காலில் சுற்றினால் தோலை அறுத்துவிடும். சிறுவிடை நன்றாகப் பறக்கும். ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

குஞ்சு, கூண்டு, தீவனம் எல்லாம் சேர்த்து ஒரே விலை, முட்டையை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது வந்தால் திண்ணையிலேயே பேசி அனுப்பிவிடுங்கள். 2012-ல் ஈரோட்டுப் பக்கம் இப்படிப் பேச்சை நம்பி ஈமு கோழியில் பணத்தைப் போட்டு இழந்தவர்கள் பட்ட பாடு போதும். முதலில் இருபது கோழி வாங்குங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும், அப்புறம் ஐம்பது.

கோழி வாங்குகிறதற்கு முந்தின ராத்திரி கொட்டகைக்குள் ஒரு விளக்கை எரியவிட்டு, வெளியே நின்று சுற்றி வாருங்கள். கூரை விளிம்பு, மூலை, கதவின் அடி இங்கெல்லாம் வலை இல்லாத சந்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிகிற இடத்தில் விரலை விடுங்கள். இரண்டு விரல் நுழைந்தால், அதை அடைத்த பிறகு கோழி வாங்கப் போங்கள்.