பதில்: தமிழ் வழியில் படித்தவன், முதல் வருட எம்.பி.பி.எஸ். தாக்குப்பிடிப்பேனா?

தம்பி, தண்டையார்பேட்டை அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சீட் வாங்கிவிட்டு, அனாட்டமி (உடலமைப்புப் பாடம்) இங்கிலீஷைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வரும் பெயர்களில் பாதி லத்தீன். கான்வென்ட் பிள்ளைகளுக்கும் அது புதுசுதான்.

முதல் வருடம் அனாட்டமி, ஃபிசியாலஜி (உடல் இயங்கும் விதம்), பயோகெமிஸ்ட்ரி (உடலின் வேதியியல்). அனாட்டமிதான் நேரத்தைத் தின்னும். புத்தகத்தை வரிவரியாக மனப்பாடம் செய்யாதீர்கள். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கிளாவிக்கிளை, அதாவது காறை எலும்பை எடுத்தால் தட்டையான முனை தோள் பக்கம், தடித்த முனை நெஞ்சுப் பக்கம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே இது வலதா இடதா என்பதாகத்தான் இருக்கும். எலும்பு செட்டைப் புதிதாக வாங்க வேண்டாம், சீனியர்களிடம் கேளுங்கள். டிசெக்‌ஷன் ஹாலில் (உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும், சில வாரத்தில் பழகிவிடும்.

அப்புறம் பேத்தாலஜி (நோய்கள்), மைக்ரோபயாலஜி (கிருமிகள்), ஃபார்மகாலஜி (மருந்துகள்). கூடவே வார்டு போஸ்டிங், அதாவது நோயாளிகளிடம் நேரில் போய்ப் படிப்பது. காசிமேட்டு அம்மா "நெஞ்சாண்ட அடைக்குதுபா" என்றால் உங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் வெளிமாநிலப் பையன் உங்களைத்தான் கேட்பான். மெடிசின், சர்ஜரி எல்லாம் மெதுவாக வரும், மொத்தம் நாலரை வருடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் இருக்கிறதே. இப்போதைக்கு இன்டர்னல் தேர்வுகளையும் அட்டெண்டன்ஸையும் விடாதீர்கள்.