இரண்டு ஜெனரேட்டரும் இழுபறிப்படுவது: கவர்னரைப் பாருங்கள்

தம்பி, வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலையில் கரண்ட் போனதும் 100 கிலோவாட் ஜெனரேட்டர் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒன்று முழுச் சுமையையும் இழுக்க மற்றது ரிவர்ஸ் பவரில் (மின்சாரம் தராமல் திருப்பி வாங்கும் நிலையில்) விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எஞ்சின் பழுதில்லை, அதைக் கழற்ற வேண்டாம்.

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் இதையே பார்த்தேன். கவர்னர், அதாவது எரிபொருளைக் கூட்டிக் குறைத்து எஞ்சின் வேகத்தைப் பிடிக்கும் கருவி, அதன் தண்டு முன்னும் பின்னும் ஆடும், எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும். இரண்டு கவர்னரும் ஐசோக்ரோனஸில் இருந்தன, அதாவது சரியாக 50 ஹேர்ட்ஸைப் பிடிக்கத்தான் இரண்டும் பார்க்கும், ஒன்றின் இலக்கு மட்டும் 50.1 ஆக இருந்தாலே போதும், அது சுமை முழுவதையும் வாங்கி மற்றதை மோட்டர் மாதிரிச் சுழற்றிவிடும்.

இரண்டையும் 4 சதவீத ட்ரூப்பில் (சுமை கூடும்போது வேகத்தைக் கொஞ்சம் இறங்கவிடும் முறை) வையுங்கள். தனித்தனியாக ஓட்டி, சுமையில்லாமல் 52 ஹேர்ட்ஸ், முழுச் சுமையில் 50 ஹேர்ட்ஸ் வருகிறதா என்று பாருங்கள். சுமை ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்குவதால்தான் இரண்டும் பங்குபோடும். நாட்டின் மின்வலையமைப்பிலும் இதே வழிதான். நிலையங்கள் ட்ரூப்பில் ஓட, விக்டோரியா போன்ற ஒரு நீர்மின் நிலையம் அதிர்வெண்ணை 50க்குத் திருப்பிக் கொண்டுவரும்.

ஒன்றை மட்டும் ஐசோக்ரோனஸில் விடலாம்தான். ஆனால் ட்ரூப்பில் உள்ளது ஒரே அளவு சுமையைப் பிடித்துக்கொண்டே நிற்கும், கொம்பிரசர் நின்று மொத்தச் சுமை அதற்குக் கீழே போனால் பழைய சிக்கல் திரும்பி வரும். உங்களுக்கு அது சரிவராது.

கிலோவாட் சமமாகியும் அம்பியர் கூடுதலாகக் காட்டினால் ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) பக்கம் பாருங்கள், அது வோல்டேஜ் சிக்கல்.